வாலில் இருந்த ரெண்டு

நம் வயதுக்காரர்கள் இருவர் சந்தித்தால் இப்போது எண்களைத்தான் பேசிக்கொள்கிறோம். சாப்பிடுவதற்கு முன் சர்க்கரை எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு, மேல் பிரஷர் என்ன, கீழ் பிரஷர் என்ன. போனில் வந்த ஓ.டி.பி.யை மட்டும் பக்கத்து அறைக்குப் போவதற்குள் மறந்துவிடுகிறோம். என் சொந்த போன் நம்பரை யாராவது கேட்டால் நான் என் மகன் முகத்தைப் பார்க்கிறேன். சிரிக்காதீர்கள், நீங்களும் அப்படித்தான். ஆனால் பதினெட்டு இலக்க எண் ஒன்று இருக்கிறது. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் எழுதிக் காட்டுவேன். 105263157894736842. ஞாபகசக்தி என்று மெச்சிவிட வேண்டாம். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளவே தேவையில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குப் பத்து வயது. எங்கள் வீடு புதுச்சேரியில், நெல்லித்தோப்பில், பக்கவாட்டில் மூச்சுவிட இடமில்லாமல் வீடுகள் ஒட்டிக்கிடந்த ஒரு தெருவில். அந்தக் கோடைக்குப் பிரான்சிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். அம்மாவின் அக்காவைக் கட்டியவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் தெரு முழுக்க அவருக்கு 'சொல்தா' என்றுதான் பெயர். பெரியம்மாவுக்குக் கைக்குழந்தை, அதனால் அவர் வரவில்லை. பெரியப்பாவோடு வந்தவள் அவருடைய மகள். என்னைவிட மூன்று வயது பெரியவள், எனக்கு அக்கா. அங்கேயே பிறந்து வளர்ந்தவள். சூடான பாத்திரத்தைத் தொடுவதுபோலத் தமிழைத் தொட்டுத் தொட்டுப் பேசுவாள்.

பெரியப்பா பெட்டியைத் திறந்ததும் கூடம் முழுக்க ஒரு வாசனை. சோப்பு, கொலோன், வெயிலில் உருகிக் காகிதத்தோடு ஒட்டிப்போன சாக்லேட். எல்லாவற்றுக்கும் அடியில் வட்டமாக ஒரு பொட்டலம். அம்மா அதைப் பிரித்து முகர்ந்தாள். "ஐயையோ, கெட்டுப்போச்சு மாமா" என்று சொல்லிக் கொல்லையில் வீசிவிட்டு வந்தாள். பெரியப்பா ஆசை ஆசையாக வாங்கிவந்த புரோமாஜ் அது, அந்த ஊர்ப் பாலாடைக்கட்டி. காக்காய்கூடத் தள்ளி நின்றுதான் பார்த்தது. பெரியப்பா அன்று முழுக்க அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த கூத்து மறுநாளே நடந்தது. "புள்ள இப்ப எந்தக் கிளாசு மாமா?" என்று அம்மா கேட்டாள். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெதூப்ளே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அம்மாவின் காதில் அது 'டபுள்' என்று விழுந்தது. பொழுது சாய்வதற்குள் கேசரி கிண்டி அக்கம்பக்கம் எல்லாம் கொடுத்தனுப்பிவிட்டாள். "எங்க அக்கா மவளுக்கு டபுள் ப்ரமோஷனாம்! ஒரே வருசத்துல ரெண்டு கிளாசு தாண்டிட்டா!" எதிர்வீட்டு ஜவுளிக்கடை பாயின் மனைவி, கேசரி வந்த கிண்ணத்தில் பேரீச்சம்பழம் நிரப்பி அனுப்பினார். ராத்திரி சாப்பாட்டில் பெரியப்பா அந்தக் கேசரியை வாயில் வைத்துக்கொண்டே, "இன்னா விசேஷம்?" என்றார். அம்மா சொன்னாள். பெரியப்பா வாயிலிருந்ததை விழுங்க வெகுநேரம் ஆயிற்று.

"ரெதூப்ளேன்னா அதே கிளாசுல இன்னொரு வருசம் குந்தறதும்மா."

அக்கா தலை நிமிரவேயில்லை. அவள் தட்டில் இருந்த கேசரியை யாருக்கும் தெரியாமல் நான் எடுத்துச் சாப்பிட்டேன். அவளுக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது என்று எனக்குப் பட்டது. கேசரியும் நன்றாக இருந்தது.

பெரியப்பா வந்த காரணம் அப்போதுதான் வெளியே வந்தது. "அங்க இவளுக்குப் படிப்பு ஏறல. இங்கியே உங்க ஊட்டுல உட்டுட்டுப் போவலாம்னு பாக்குறேன். நீ வாத்தியார். புள்ளைய சோதிச்சுப் பாத்து நீயே சொல்லு, நான் கேட்டுக்கறேன்" என்றார் என் அப்பாவிடம்.

அப்பா திண்டிவனம் பக்கத்திலிருந்து வேலைக்காகப் புதுச்சேரிக்கு வந்தவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பிரெஞ்சில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் தெருமுனையில் எழுதிவைத்திருக்கும் பெயர்கள்தான், அதையும் தப்பாகத்தான் சொல்லுவார். ஆனால் கணக்கில் புலி. அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும், ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். உங்களுக்கு ஞாபகம் இருக்குமே, இப்போது கடைகளில் தேடினாலும் கிடைப்பதில்லை. அப்பாவின் பென்சிலில் சிவப்பு முனை தேய்ந்து கட்டையாகிவிடும், நீலம் கடையில் வாங்கியபடியே இருக்கும். எங்கள் அப்பா திருத்துகிற லட்சணம் அது.

மாலையில் மொட்டை மாடிக்குக் கடல் காற்று வரும்போது அக்கா என்னிடம் ஒரு போட்டோவைக் காட்டினாள். பொக்கை வாயைத் திறந்து சிரிக்கும் குழந்தை.

"தம்பி. இவனுக்கு பல் வரப் போகுது. முதல் பல் நான் பார்க்கணும். இங்க விட்டா எப்படி பார்க்கிறது?"

அம்மா கொடியில் துணி எடுத்துக்கொண்டே, "கீழ் முன்பல்லு ரெண்டும் சேந்தாப்புல வரும். அதுக்கு இன்னும் நாளு இருக்கு" என்றாள். அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னாள். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ உள்ளுக்குள் வேறு ஆசை. வீட்டில் ஒற்றைப் பிள்ளை நான். இவள் இங்கேயே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மனம் அடித்துக்கொண்டது.

அப்பாவின் சோதனை மறுநாள் காலையில் ஆரம்பித்தது. அவர் வாயால் கணக்குச் சொல்லுவார், அக்கா விடையை மட்டும் எழுத வேண்டும். "பதிமூணேழு?" அக்கா உடனே எழுதினாள். அப்பா எட்டிப் பார்த்தார். "தொண்ணூத்தேழா? ம்ஹூம்." சிவப்பு. "சரி, எழுத வேணாம், வாயால சொல்லு."

அக்கா கொஞ்சம் யோசித்து, மனசுக்குள் பிரெஞ்சைத் தமிழாக்கி, "நாலு இருபது பதினொண்ணு" என்றாள்.

"நானூத்தி இருபதா?"

"இல்ல சித்தப்பா. நாலு இருபது. அப்புறம் பதினொண்ணு."

அப்பா பெரியப்பாவை ஒரு பார்வை பார்த்தார். பெரியப்பா அந்நேரம் செய்தித்தாளில் முகம் புதைத்திருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் எண்பதை நாலு இருபது என்றும், தொண்ணூற்றொன்றை நாலு இருபது பதினொன்று என்றும்தான் சொல்கிறார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இதே வம்பு அன்று சாயங்காலம் வாசலிலும் நடந்தது. ஜவுளிக்கடை பாய் பிரியமாக, "உங்க அப்பாவைப் பெத்த தாத்தாவுக்கு என்ன வயசும்மா?" என்று கேட்க, இவள் மரியாதையாக எழுந்து நின்று, "நாலு இருபது" என்றாள். பாய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "பெத்த தாத்தாவையே ஃபோர் ட்வென்டிங்குதே இந்தப் புள்ள!"

நாலைந்து நாள் இப்படியே போயிற்று. சில விடைகள் சரியாக இருந்தன. குருட்டாம்போக்கு என்றார் அப்பா. பல விடைகளில் நடுவில் ஓர் இலக்கத்தை எழுதி, அதன்மேல் கோடு போட்டு அடித்திருந்தாள். "பயந்த புள்ள. எழுதி எழுதி அடிக்குது" என்றார் அம்மாவிடம். கடைசி நாளில் அக்கா தானாகவே ஒரு தாளை நீட்டினாள். மையால், அழகாக, கட்டத்துக்கு ஒன்றாக ஒரு நீளமான எண்.

"சித்தப்பா, இது நான் கண்டுபிடிச்ச நம்பர். கடைசி ரெண்டை எடுத்து முன்னாடி வைங்க. முழு நம்பரும் டபுள் ஆகிடும்."

அப்பாவுக்கு ஆவல் வந்துவிட்டது, அதை மறுக்கக்கூடாது. பக்கத்தில் தன் கையெழுத்தில் அதைப் பிரதி எடுத்தார். அடித்திருந்த இலக்கங்களை விட்டுவிட்டார். 7052637589436842 என்று வந்தது. இரண்டால் பெருக்கினார். பதினான்கு என்று ஆரம்பித்து என்னவோ வந்தது. நியாயப்படி இரண்டில் ஆரம்பிக்க வேண்டும். இலக்கமே ஒன்று கூடிவிட்டது. அப்பா தாளை மடித்துவிட்டுப் பெரியப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, புள்ளைய இங்கியே உடுங்க. அடிப்படையே இல்ல. அதோட இல்லாததச் சொல்ற பழக்கமும் இருக்கு."

அக்கா அன்று முழுக்க மாடியிலேயே இருந்தாள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. குச்சி ஐஸ் வாங்கிக்கொண்டு மேலே ஓடினேன். "நீ இங்கதான் இருக்கப் போற!" என்றேன். அவள் ஐஸை வாங்கிக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அது சொட்டிச் சொட்டித் தீர்ந்து குச்சி மட்டும் மிஞ்சியது. அதைப் பார்த்ததும் என் சந்தோஷமும் கூடவே ஒழுகிப்போய்விட்டது.

மறுநாள் காலை அம்மா கோலமாவு டப்பாவை அக்கா கையில் கொடுத்தாள். இனி இந்த வீட்டுப் பெண், பழகட்டும் என்று எண்ணம். "எனக்கு கோலம் தெரியாது சின்னம்மா" என்றாள் அக்கா.

"உனக்குத் தெரிஞ்சதப் போடு. வாசல் வெறுமையா இருக்கக் கூடாது, அவ்ளோதான்."

தண்ணீர் தெளித்த மண்ணிலிருந்து வாசனை எழுந்துகொண்டிருந்தது. அக்கா வாசலின் வலது கோடியில் குந்தி, மாவைக் கிள்ளி, ரெண்டு என்ற எண்ணைப் போட்டாள். அதற்கு இடப்பக்கம் நாலு. பிறகு எட்டு. நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு கூடவே நகர்ந்தேன்.

"இது இன்னா கோலம்?"

"வாலு, பேசாம பாரு." என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், என் சேட்டையைப் பார்த்து அம்மா கூப்பிடுவதைக் கேட்டுக் கற்றுக்கொண்டது. "ஸ்கூல்ல ரெதூப்ளே சொன்னாங்க. எனக்கு கோபம். சரி, டபுள்தானே, நான் டபுள் பண்றேன்னு ரெண்டுலேர்ந்து பண்ணிக்கிட்டே போனேன். எட்டு டபுள் பதினாறு. ஆறு போடு, கையில ஒண்ணு. ஆறு டபுள் பன்னெண்டு, கையில இருந்தது சேர்த்து பதிமூணு. மூணு போடு, கையில ஒண்ணு. மூணு டபுள் ஆறு, சேர்த்து ஏழு." ஏழைப் போட்டு அதன் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

"ஏன்க்கா அடிச்சிட்ட?"

"அடிக்கலையே. ஏழு."

"ஏழுக்கு எதுக்கு கோடு?"

"ஏழுக்கு கோடு இருக்கும்." இதென்ன கேள்வி என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு மேலே போனாள். நாலு, ஒன்பது, எட்டு, மறுபடி ஒரு கோடு போட்ட ஏழு, ஐந்து. "அஞ்சு டபுள் பத்து, சேர்த்து பதினொண்ணு. ஒண்ணு போடு." வாயால் ஒன்று என்றபடியே கீழிருந்து மேலே நீளமாக ஒரு கோடு ஏற்றி, உச்சியில் மடக்கி, கீழே இறக்கினாள். எனக்கு அது ஏழாகத்தான் தெரிந்தது.

"அக்கா, பதிமூணேழு எவ்ளோ? இங்க ஓரமா எழுது."

எழுதினாள். ஒன்பது, பக்கத்தில் அந்த மலை ஏறி இறங்குகிற கோடு. அப்பா தொண்ணூற்றேழு என்று படித்தது. அது தொண்ணூற்றொன்று.

எனக்குள் ஒரு நொடி சண்டை நடந்தது, பொய் சொல்ல மாட்டேன். வாயைத் திறந்தால் இவள் போய்விடுவாள். ஆனால் உருகிப்போன ஐஸ்குச்சி கண்முன் வந்தது. டப்பாவைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அப்பா முகத்தில் ஒரு பக்கம் சோப்பு நுரையோடு கண்ணாடி முன் நின்றிருந்தார்.

"அப்பா! அக்கா எழுதறது ஏழு இல்ல, ஒண்ணு! அடிச்சது அடிச்சது இல்ல, அதான் ஏழு!"

அரைமுக நுரையோடு அப்பா வாசலுக்கு வந்தார். அதற்குள் அக்கா இடது கோடி வரைக்கும் போயிருந்தாள். "பூஜ்யம், சேர்த்து ஒண்ணு. ஒண்ணு டபுள் ரெண்டு. ஆரம்பிச்ச ரெண்டு திரும்பி வந்திடுச்சு, நிறுத்திடணும்" என்று எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். தெருவில் கூட்டம் கூடிவிட்டது. மீன்காரம்மா கூடையை இறக்காமலேயே, "இன்னா சாமி இது, லாட்டரி நம்பரா?" என்றாள். ஜவுளிக்கடை பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இலக்கங்களை எண்ணினார். "ஆயிரத்து அம்பத்திரண்டு கோடி கோடிக்கு மேல போவுது. யாரு ஊட்டுச் சொத்து?"

அப்பா கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டார். குந்தி உட்கார்ந்து, தானே மாவைக் கிள்ளி, அந்த வரிசைக்குக் கீழே வலப்பக்கமிருந்து பெருக்கி எழுதிக்கொண்டே போனார். ஆண்பிள்ளை கோலம் போடுவதைத் தெரு அன்றுதான் பார்த்தது. அவர் முடிக்கும் நேரம் பால்காரர் சைக்கிளோடு வந்து, கூட்டத்தைப் பார்த்துத் தடுமாறி, மேல்வரிசையின் கடைசி ரெண்டின் மேலேயே சக்கரத்தை ஏற்றிவிட்டார். "போச்சு! வால அழிச்சிட்டாரு!" என்று கத்தினேன்.

"பரவாயில்ல" என்றாள் அக்கா. நேராக இடது கோடிக்குப் போய், வரிசையின் முன்னால் ஒரு ரெண்டு போட்டாள். "இப்ப படிங்க."

நான் மேல்வரிசையைப் படித்தேன், அப்பா கீழ்வரிசையைப் படித்தார். ரெண்டு, ரெண்டு. ஒண்ணு, ஒண்ணு. பூஜ்யம், பூஜ்யம். பாதி வந்ததும் தெருவும் சேர்ந்துகொண்டது. 210526315789473684. மேலும் கீழும் ஒன்றே. மீன்காரம்மா ஒன்றும் புரியாமலேயே கைதட்டினாள். அப்பாவின் கன்னத்தில் நுரை காய்ந்து வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது.

பெரியப்பா அப்போதுதான் லுங்கியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஆச்சரியப்பட்டார். "ஒண்ண இப்பிடித்தானப்பா போடுவாங்க! நீ வேற எப்பிடி போடுவ?" அம்மா பின்னாலிருந்து, "பிரெஞ்சு ஸ்கூல்ல படிச்ச எங்க அப்பாகூட ஏழுக்கு இடுப்புல கோடு போடுவாரே" என்றாள்.

"ஏன்டி, இத்தினி நாளா சொல்லல?" என்றார் அப்பா.

"என்ன யாரு கேட்டா?"

அப்பா உள்ளே போய்ப் பழைய தாள்களை எல்லாம் எடுத்தார். பென்சிலைத் திருப்பிப் பிடித்து, நீல முனையால் முதலிலிருந்து திருத்தினார். ஒரு விடைகூடத் தப்பில்லை. "எதுலம்மா கோட்டை உட்ட?" என்று அக்காவிடம் கேட்டார். "டிக்தே. பிரெஞ்சுல ஸ்பெல்லிங்" என்றாள். அப்பா பெரியப்பா பக்கம் திரும்பினார். "அண்ணே, தப்பு என் கண்ணுல. புள்ளைய இட்டுக்கிட்டுப் போங்க. ரெண்டு ஸ்பெல்லிங் தப்புக்காக ஆத்தாகிட்டேர்ந்து பிரிக்காதீங்க." பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டே சரி என்று தலையாட்டினார்.

மிச்ச விடுமுறை முழுக்க அப்பாவும் அக்காவும் அந்த எண்ணைப் பிய்த்து மேய்ந்தார்கள். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அப்பா, "ரெண்டப் பத்தொம்பதால வகுத்தா புள்ளிக்கு அப்புறம் இதேதான் திரும்பத் திரும்ப வருதுடி!" என்று கத்துவார். நடுவில் வெட்டி, முன்பாதி 105263157, பின்பாதி 894736842, இரண்டையும் கூட்டினால் எல்லாமே ஒன்பது என்று அக்கா காட்டினாள். நோணாங்குப்பத்துக்குப் படகு பார்க்கப் போனபோதும் இருவரும் மணலில் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். படகைப் பார்த்தது நான் மட்டும்தான். 'நாலு இருபது' என்று அப்பா அவளைச் சீண்டுவார். அவளும் விடவில்லை. "உங்க தமிழ் மட்டும்? எண்பதுக்கு அப்புறம் தொண்ணூறு. அதுல நூறு எப்படி வந்துச்சு? நூறு இன்னும் வரவே இல்லையே!"

அவர்கள் சென்னைக்கு டாக்சி ஏறிய அன்று நான் அழுது தீர்த்தேன். அக்கா என் உள்ளங்கையில் ஒரு ரெண்டை மட்டும் எழுதினாள். "இது போதும். மீதி தானா வரும்" என்றாள். உண்மைதான். இன்றைக்கும் ரெண்டிலிருந்து தொடங்கி இடப்பக்கமாக டபுள் பண்ணிக்கொண்டே போகிறேன். முழு எண்ணும் வந்துவிடுகிறது.

அப்பா அவளிடம் மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. ஆனால் பள்ளி திறந்ததிலிருந்து அவர் போடும் ஏழுக்கெல்லாம் இடுப்பில் ஒரு கோடு விழுந்தது. எழுபத்தேழு மார்க் வாங்கிய பையன் ஒருவன், சார் என் மார்க்கை அடித்துவிட்டார் என்று அழுதுகொண்டே எங்கள் வீட்டுக்கு வந்தான். அம்மா அவனுக்கு முறுக்குக் கொடுத்து விளக்கம் சொல்லி அனுப்பினாள். அப்படியும் அப்பா அந்தக் கோட்டை விடவில்லை, ரிட்டயர் ஆகும்வரை.

மழைக்காலத் தொடக்கத்தில் பிரான்சிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. நலமா என்றுகூட இல்லை. ஒரே ஒரு எண், அக்காவின் கையெழுத்தில்: 210526315789473684. அப்பா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, முகம் சுருங்கிப்போய் அம்மாவிடம் நீட்டினார்.

"என்னடி இது, மாத்தி எழுதியிருக்கா? ரெண்டு கடைசிலதானே இருக்கணும்? மறந்துட்டாளா?"

நான் அட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"மறக்கலப்பா. ரெண்டும் முன்னாடி வந்துடுச்சு. தம்பிக்குப் பல்லு!"